சனிக்கு எந்த ஒயின்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் 'ஒயின் ஷாப்' என்று சொன்னால் அங்கே ஒயின் கிடைக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. குவார்ட்டர் பிராந்தி, ரம், பீர், அவ்வளவுதான். சொல் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. ஒயினுக்கான மேசை வேறு இடத்தில் இருக்கிறது. காம்பு நீண்ட கண்ணாடிக் கோப்பை, மெல்லிய இசை, தட்டில் சீஸ் துண்டுகள். அண்மைக் காலமாக அந்த மேசையில் கிரகங்களும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கின்றன.

பௌர்ணமிக்கு இந்த ஒயின், புதன் வக்கிரத்தில் போகும்போது அந்த ஒயின். விருச்சிக ராசிக்கு அடர்சிவப்பு, துலாம் ராசிக்கு ரோஸ். டாரோ சீட்டில் 'கோபுரம்' வந்து மனம் கலங்கினால் நுரை பொங்கும் வெள்ளை. இப்படிப் பட்டியல் போடும் காணொளிகள் நம் கைபேசிகளுக்கும் வந்துவிட்டன. சாதி ஒழிப்பு பேசும் தோழர்கள் சிலரும் சிரித்துக்கொண்டே பகிர்கிறார்கள். "சும்மா ஜாலிக்குத்தான், நம்புறோமா என்ன?" என்கிறார்கள்.

ஜாலியை நான் குறை சொல்லவில்லை. உழைத்துச் சம்பாதித்த காசில் ஒருவர் எதைக் குடிக்கிறார், எந்தச் சீட்டை எடுத்துப் பார்க்கிறார் என்பதில் எனக்கு வழக்கு இல்லை. என் கேள்வி வேறு. மதுவையும் கிரகத்தையும் ஒரு கூட்டத்தார் சேர்த்துப் பேசினால் அதற்கு ரசனை என்று பெயர். அதே இரண்டையும் சேரியோடு சேர்த்துப் பேசும்போது மட்டும் அது ஏன் 'தலையெழுத்து' ஆகிறது? இந்தக் கேள்வியைக் கள்ளக்குறிச்சியிலிருந்து கேட்காமல் வேறு எங்கிருந்து கேட்பது?

சுவையையும் ராசியையும் முடிச்சுப் போடும் வேலை புதிதல்ல. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்தை இன்றும் ஜோதிடர்கள் தங்கள் மூல நூல்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நூல் கிரகங்களுக்குச் சாதி பிரித்துக் கொடுக்கிறது. வியாழனும் வெள்ளியும் பிராமணர். சூரியனும் செவ்வாயும் சத்திரியர். சந்திரன் வைசியர். புதன் சூத்திரர். சனி? சனி அந்தியஜர்களின் கிரகம். நான்கு வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு அந்த நூல் வைத்த பெயர் அது. வானத்தில்கூட ஊரும் சேரியும் பிரித்துவிட்டார்கள்.

அதே நூல் கிரகங்களுக்குச் சுவையும் ஒதுக்குகிறது. வியாழனுக்கு இனிப்பு, வெள்ளிக்குப் புளிப்பு, சந்திரனுக்கு உப்பு, சனிக்குத் துவர்ப்பு. ஆக, இந்தக் கிரகத்துக்கு இந்தச் சுவை என்ற பட்டியல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் தயார். ஒயின் மட்டும்தான் இல்லை. சிவப்பு ஒயினைப் புகழ்கிறவர்கள் முதலில் புகழ்வது எதை? திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பை. ஜோதிடக் கணக்குப்படி அது சனியின் சுவை, அந்தியஜரின் சுவை. எந்த விருந்து அட்டையிலும் இதை இப்படி அச்சடிக்க மாட்டார்கள். விலை உயர்ந்த துவர்ப்பு அவர்களுக்கு. "சனியனே", "சனி பிடிச்சவனே" என்ற வசவு நமக்கு.

"அது இந்திய ஜோதிடம். நாங்கள் பார்ப்பது மேற்கத்திய ராசி, அதில் சாதி கிடையாதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் அந்த ஒயின் ஜோதிடத்தின் ஊற்றுக்கண்ணையும் பார்த்துவிடுவோம்.

ஐரோப்பாவில் ஒயினுக்கு நாள் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. சந்திரன் எந்த ராசியில் நிற்கிறதோ அதை வைத்து ஒவ்வொரு நாளையும் பழ நாள், பூ நாள், இலை நாள், வேர் நாள் என்று பிரிப்பார்கள். பழ நாளில் ஒயின் மணக்கும், வேர் நாளில் சுருங்கிவிடும் என்பது நம்பிக்கை. ஜெர்மனியைச் சேர்ந்த மரியா துன் உருவாக்கிய நாட்காட்டி அது. அதற்கு அடிப்படை, 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் வேளாண்மை பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகள். இந்த நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். நியூசிலாந்தின் 19 ஒயின் வல்லுநர்களிடம் 12 பினோ நுவார் ஒயின்களை, எது எதுவென்று சொல்லாமல், பழ நாளிலும் வேர் நாளிலும் கொடுத்தார்கள். நாளால் சுவை மாறியதாகத் தெரியவில்லை. 2017இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் அந்த முடிவு வெளியானது. நிலவு ஒயினைத் தொடவில்லை.

இந்த ஸ்டைனருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அவர் 1902 முதல் பத்தாண்டுகள் பிரம்மஞான சபையின் ஜெர்மன் கிளைக்குச் செயலாளராக இருந்தவர். அந்தச் சபையின் தலைமையகம் சென்னை அடையாறு. கர்மாவையும் மறுபிறவியையும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ததில் அடையாறுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு ஸ்டைனர் சபைத் தலைவர் அன்னி பெசன்டோடு முரண்பட்டுப் பிரிந்து போனார். அவரே மது குடிப்பதை ஏற்காதவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் பெயரில் கிளைத்த மரத்தில்தான் பிற்காலத்தில் ஒயின் நாட்காட்டி காய்த்தது.

அவர் இன்னும் அந்தச் சபையில் இருந்த 1909ஆம் ஆண்டில், அன்னி பெசன்ட் சென்னையிலிருந்து வெளிவந்த இந்தியன் ரிவ்யூ இதழில் 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்பது அவர் வாதம். காரணம்? தலைமுறை தலைமுறையாக மதுவாலும் கடும் வாடை வீசும் உணவாலும் உருவான உடல்கள் அவை, நாற்றம் போகவே சில தலைமுறைகள் பிடிக்கும் என்ற பொருளில் எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட தமது நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்கிறார். தற்செயலாக அதே 1909இல்தான், இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ரைடர்-வெயிட் டாரோ சீட்டுக்கட்டும் லண்டனில் வெளியானது.

ஓர் உடலில் மதுவின் வாசம் 'நாற்றம்'. இன்னோர் உடலில் அதுவே கோப்பையைச் சுழற்றி, மூக்கை நுழைத்து, கண்ணை மூடி ரசிக்க வேண்டிய 'நறுமணம்'. இதை முடிவு செய்வது மது அல்ல, நாக்கும் அல்ல. யார் குடிக்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது. சாதி இருக்கும் இடத்தில் ரசனை என்ற சொல் ஒருபோதும் தனியாக வருவதில்லை.

இனி கருணாபுரம்.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, சேலம், விழுப்புரம், ஜிப்மர் என்று நான்கு திசைக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், அன்றாடக் கூலிகள். பெண்களும் அதில் உண்டு. பெற்றோர் இருவரையும் ஒன்றாக இழந்த பிள்ளைகளும் உண்டு. முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்று அதிகாரிகள் தரப்பு சொன்னதால்தான் சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அந்த இரவில் எந்தக் கிரகம் எந்த வீட்டில் நின்றது என்று பார்க்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஒரு வேதிப்பொருளை. மெத்தனால். தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் அது நிறத்திலும் மணத்திலும் குடிக்கும் ஆல்கஹாலான எத்தனாலைப் போலவே இருக்கும். உடலுக்குள் போனதும் கல்லீரல் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அது ஃபார்மிக் அமிலமாகும். அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லிலிட்டர் தூய மெத்தனாலே பார்வையைப் பறித்துவிடக் கூடும். சரியான நேரத்தில் ஃபோமெபிசோல் ஊசி போட்டு, டயாலிசிஸ் செய்தால் பிழைக்கவைக்கலாம். அந்த ஊசி இல்லாத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. இரண்டும் ஒரே நொதிக்குப் போட்டி போடும். எத்தனால் முந்திக்கொண்டால் மெத்தனால் விஷமாக மாறும் வேகம் குறையும்.

ஒயினில் இருப்பதும் அதே எத்தனால்தான். கருணாபுரத்துக் கூலித் தொழிலாளிக்கும் பௌர்ணமி விருந்துக்காரருக்கும் நடுவே நிற்கும் வேறுபாடு குணமோ கர்மாவோ அல்ல. சோதனை செய்து, மூடி போட்டு, சீல் வைத்து வந்த பாட்டிலுக்கும், எவனோ எதையோ கலந்து கட்டிய பாக்கெட்டுக்கும் உள்ள வேறுபாடு. விலையில் தொடங்கும் அது உயிரில் முடிந்தது.

ஆனால் ஊர் பேசியது என்ன? "விதி முடிஞ்சுபோச்சு." "குடிச்சா சாவுதான்." "குடிச்சுச் செத்தவனுக்கு 10 லட்சமா?" இந்தக் கடைசிக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. செத்தவர்களின் ஒழுக்கத்தை அளந்தார்கள். மெத்தனால் யார் கிடங்கிலிருந்து கிளம்பி, எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டி, எந்தக் காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் விற்கப்பட்டது என்பதை அளக்க அத்தனை ஆர்வம் இல்லை. விதி என்ற சொல்லின் வேலையே இதுதான். அது குற்றவாளியை வானத்துக்கு அனுப்பிவிடும். வானத்தின் மேல் முதல் தகவல் அறிக்கை போட முடியாது.

விதி என்றால் ஓராண்டுக்கு முன்பு வந்த எச்சரிக்கை எதற்கு? 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றது. அதற்குப் பிறகும் கருணாபுரம் நடந்தது என்றால் அதற்குக் காரணம் ஏழரைச் சனி அல்ல, நிர்வாகம். மரணங்களுக்குப் பின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு ஏற்படுத்தும் கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன மாநில அரசின் மனு டிசம்பரில் தள்ளுபடியானது. சொந்தக் காவல்துறை விசாரித்தால் போதும் என்று அரசு அத்தனை தூரம் வாதாடியதை நாம் மறக்கக் கூடாது. டாஸ்மாக் வழியாக 2023-24இல் அந்த அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 'குடிகாரன்' கொடுத்த பணம்தான் அது.

இதில் கல்வராயன் மலையையும் சேர்த்துப் பேச வேண்டும். கள்ளச்சாராயம் என்றதும் எல்லோரும் மலையைக் கைகாட்டினார்கள். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் ஏதோ பிறவிச் சாராயக்காரர்கள் போலச் செய்தி வாசித்தார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் கிடந்த மலை அது. சாலை இல்லை, பேருந்து இல்லை, நோயாளியைத் தூக்கிச் சுமக்க வேண்டிய ஊர்கள் இருந்தன. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து அந்த மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்த பிறகுதான் அரசு வாகனங்கள் அடிக்கடி மலையேறின. வேலை கொடுக்காத மலையில் சாராயம் காய்ச்சுவது குலத்தொழில் அல்ல, கூலித்தொழில். காய்ச்சுகிறவனைக் காட்டில் துரத்திப் பிடிப்பார்கள். சரக்குக்கு முதல் போட்டவனைச் சமவெளியில் தேடுவது அபூர்வம்.

சீட்டிலும் இதே கதைதான். டாரோ பார்க்கிறவர் 'ஆலோசகர்', குளிர்ந்த அறையில் மணிக்கணக்கில் கட்டணம். நம் ஊரில் மரத்தடியில் சீட்டு எடுக்கும் கிளி ஜோசியரை நினைத்துப் பாருங்கள். 2024 ஏப்ரலில், நமக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. உடனே வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்தது, கிளிகளைப் பறிமுதல் செய்தது. கிளியைக் கூண்டில் அடைப்பது தவறு, சட்டம் சரி. கிளி சொன்ன பலனும் பொய்த்தது, வேட்பாளர் தோற்றார். ஆனால் இரண்டும் ஒரே பொய்யாக இருக்கும்போது ஒன்று மூடநம்பிக்கை, இன்னொன்று 'மனநல அனுபவம்' என்று பிரித்தது யார்? மரத்தடிக்காரர் நாடோடி, அறைக்காரர் ஆங்கிலம் பேசுகிறவர். விடை அதில் இருக்கிறது.

மதுவையும் கிரகத்தையும் சேர்த்துப் பேசிய வேறொரு மரபும் நமக்கு இருக்கிறது. பௌத்தம். பஞ்சசீலத்தின் ஐந்தாவது, போதைப் பொருளை விலக்குவது. தீக நிகாயத்தின் பிரம்மஜால சுத்தமோ, கிரகணம் கணித்தும் கோள் பார்த்தும் பிழைப்பதைத் துறவிக்குத் தகாத தொழில் என்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விலக்கிய மரபு அது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் எடுக்கவைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதை 'ஒழுங்காக இருங்கள்' என்று மேலிருந்து சொன்ன உபதேசமாக நான் வாசிப்பதில்லை. உன் உடல் நாறுகிறது என்று சொன்னவர்களுக்கு, என் உடல் என்னுடையது என்று ஐந்து லட்சம் பேர் சேர்ந்து சொன்ன பதிலாகவே வாசிக்கிறேன். இன்று குடிக்கும் தோழரும் குடிக்காத தோழரும் அந்தப் பதிலைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள முடியும்.

அப்படியானால் என்ன செய்வது? ஒயின் கோப்பையைப் பிடுங்குவது என் திட்டமல்ல. பூரண மதுவிலக்கு என்று முழங்கிவிட்டு ஒதுங்குவதும் போதாது. நாட்டில் முதன்முதலாக 1937 அக்டோபரில் மதுவிலக்கு வந்தது கல்வராயன் மலையின் மறுபக்கமான சேலம் மாவட்டத்தில்தான். தடைக்குத் தண்டனை கொடுக்கத் தெரியும், கூலிக்காரனின் உடம்பு வலிக்கு மருந்து கொடுக்கத் தெரியாது. நாம் கேட்க வேண்டியவை எளியவை. மெத்தனாலின் ஒவ்வொரு லிட்டரும் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற கணக்கு பொதுவில் வேண்டும். மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஃபோமெபிசோல் இருப்பில் இருக்க வேண்டும். மலைக்குச் சாலையும் வேலையும் வேண்டும். குடிநோய்க்கு அவமானம் இல்லாத சிகிச்சை சேரிக்குப் பக்கத்திலேயே வேண்டும். கைதாகிறவர்கள் பாக்கெட் விற்றவர்களோடு நின்றுவிடக் கூடாது.

பௌர்ணமிக்கு எந்த ஒயின் என்ற காணொளி அடுத்த முறை வரும்போது, தோழர்களே, பார்த்துச் சிரியுங்கள், தவறில்லை. அனுப்பியவரிடம் ஒரு கேள்வியை மட்டும் பதிலாக அனுப்புங்கள்: சனிக்கு எது? அந்தக் கிரகத்துக்கு இந்த நாடு என்ன ஊற்றிக் கொடுத்தது என்பது கருணாபுரத்து வீடுகளில் மாலை போட்ட படங்களாகத் தொங்குகிறது.